காசிமாயன் தண்ணீர் காட்டிய கல்

சிலமலைக் காசிமாயனுக்குக் கழுத்துப் பலம் அதிகம். அதைவிட யோசனை அதிகம், அதுதான் வினை. போடிமெட்டுக்கு ஜீப்பும் பஸ்சும் ஏறாத காலம் அது. ஏலத்தோட்டத்துக்கு வேண்டிய அரிசி, உப்பு, துரைமாரின் கட்டில்கால் எல்லாம் ஆள் தலையில்தான் மலையேறும். மழை பொய்த்து வயல் காய்ந்து கிடந்ததால், அவன் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்தச் சுமையால்தான்.

புதிதாக வந்த துரையின் பெட்டி ஒன்று அவன் தலைக்கு வந்தது. முந்தல் அடிவாரத்திலேயே கழுத்து கடுத்தது. இறக்கித் திறந்தான். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் கல். இன்னொரு பஞ்சைப் பிரித்தால் இன்னொரு கல்.

"மலைக்கே கல்லைக் கொண்டுபோறானே, கிறுக்குப்பய!"

அவனுக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே ஒரு கருப்பசாமி. மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக் கும்பிட்டுப் போவார்கள். காசிமாயன் பெட்டியையே கவிழ்த்துப் பெரிய பக்தனாகிவிட்டான். காலிப் பெட்டியோடு விசிலடித்துக்கொண்டே ஏறி, மெட்டில் கிடந்த கற்களைப் பொறுக்கி, பஞ்சில் பதவிசாகச் சுற்றி நிரப்பினான். கல்லுக்குக் கல் சரியாகப் போயிற்று.

துரை பெட்டியைத் திறந்தார். முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. அவர் கத்தியதைத் தோட்டத்து ரைட்டர் வீரையா தமிழில் சொன்னார்.

"எடுபட்ட பயலே, அதுல ஒரு கல்லுல எறா மாதிரி ஒரு பூச்சி பதிஞ்சிருக்குமாம். அவுக சீமையில ஒரு தீவுல எடுத்ததாம். அந்தச் சாதிப் பூச்சி எப்பவோ பூண்டோட அழிஞ்சுபோச்சாம். நாளைக்குள்ள அந்தக் கல்லு வரலேன்னா இந்த மலையில உனக்குச் சோலி கெடையாது."

காசிமாயன் வீட்டுக்கு இறங்கி ஓடினான். விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி ஆயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கருப்பசாமியிடம் கூடவே வந்தாள்.

"கருப்பனுக்குப் போட்டதை எடுத்தா கையி வெளங்குமா?" என்று இழுத்தான் அவன்.

"சோலி போனா வயிறு வெளங்குமா? எடுய்யா!"

குவியலைக் கிளறினார்கள். ஆயம்மாள்தான் கண்டெடுத்தாள். கட்டைவிரல் பருமன் கல். அதில் நகம் நீளத்துக்கு ஒரு பூச்சி. முதுகில் ஓடில்லை, வரிசையாக இறகுபோலக் கால்கள்.

காசிமாயன் உற்றுப் பார்த்தான். "இது நம்மூரு மழைக்குழியில மல்லாக்க நீந்துமே, அதுதானே! குழி காஞ்சு புழுதியாப் போனாலும் அடுத்த மழைக்கு வந்து நிக்குமே! இந்தத் தொரை தண்ணி காட்டிப் பாத்திருக்க மாட்டான்."

மறுபடியும் யோசனை. ஒரு கலயத்தில் தண்ணீர் மொண்டு கல்லை உள்ளே போட்டான். வளைவுக்கு வளைவு நின்று எட்டிப் பார்த்தான். உயிரோடு கொண்டுபோனால் துரை தன் காலில் விழுவார் என்று ஒரு நினைப்பு. பாதி மலையில் அந்த நினைப்பு போய்விட்டது. "எந்திரிச்சிரு அப்பு" என்று கலயத்துக்குள் கெஞ்ச ஆரம்பித்தான். மெட்டு வந்தும் கல் கல்லாகவே கிடந்தது. கலயத்தை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தான். சோலியை அப்போது அவன் நினைக்கவேயில்லை.

சொட்டச் சொட்டக் கல்லை நீட்டினான்.

"ஏன் நனைஞ்சிருக்குன்னு தொரை கேக்குறாரு," என்றார் வீரையா.

"தண்ணி காட்டுனேன் சாமி. எந்திரிக்கல."

வீரையா அதை இங்கிலீஷில் சொல்லக் கூச்சப்பட்டு, மென்று விழுங்கிச் சொன்னார். துரை கைக்குட்டையால் கல்லைத் துடைத்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். வீரையாவுக்கே நம்ப முடியவில்லை.

"சின்னப்பிள்ளையில தொரையும் தண்ணியில போட்டுப் பாத்தாராம்டா. அவருக்கும் எந்திரிக்கலையாம்."

மூன்று பேரும் கல்லின்மேல் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் துரைக்குத் துரைத்தனம் திரும்பியது.

"சோலி இருக்குதாம்," என்றார் வீரையா. "மொதச் சோலியா, கருப்பன்கிட்ட இருக்குற மீதிக் கல்லையும் வெரசாக் கொண்டா."