நாக்கு சாருக்கு ஒரு பிரஞ்ச்

காப்பிக்கொட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை, உறிஞ்சுவதும் துப்புவதும்தான். கரண்டியால் அள்ளி, அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு ஒரு மார்க் போடுவார். அந்த மார்க்கைப் பார்த்துத்தான் மூட்டைகள் கப்பலேறும். துப்பினதற்குச் சம்பளம் வாங்குகிறவர் ஊரில் அவர் ஒருத்தர்தான். எல்லோருக்கும் அவர் 'நாக்கு சார்'.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்று உட்கார்ந்தார், அழுகையும் வரவில்லை. சரி, துணியாவது மடிப்போம் என்று மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

ஆபீஸில் பிழைப்பு ஓடியது. அவருக்கு முன்னால் உறிஞ்சிப் பார்க்கிற உதவியாளரின் புருவத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். இடது புருவம் ஏறினால் புளிப்பு, இரண்டும் இறங்கினால் பூஞ்சை. அதைப் படித்தே மார்க் போட்டார். ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை.

இந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி, காப்பியில் பழ வாசனையும் பூ வாசனையும் தேடிக் குடிக்கிற ஸ்பெஷாலிட்டி காப்பிக் கடை திறந்தான். ஞாயிறு பதினொரு மணிக்கு பிரஞ்ச். அதாவது காலைச் சாப்பாட்டைத் தாமதமாகப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்குவது. கடைக்காரனுக்கு அல்சர், டாக்டர் காப்பியைத் தொடக்கூடாது என்றிருந்தார். அதனால் முதல் கப் மாமாவுக்கு.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அப்படியே பலகைல எழுதிடறேன்."

நாக்கு சார் உறிஞ்சினார். சூடு தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்தார். அதில் பூரிப்பு மட்டும்தான் இருந்தது, புளிப்புக்கும் பூஞ்சைக்கும் அங்கே இடமில்லை. "ஆரஞ்சுத் தோல். கடைசில கொஞ்சம் தேன்," என்றார், இருபத்தாறு வருடப் பழக்கத்தில்.

பலகையில் ஏறியது. காப்பி போடுகிற பெண் தானும் ஒரு வாய் பார்க்கக் கப்பை எடுத்தாள். "மாமாவே பாத்துட்டாரு, நீ வேற எதுக்கும்மா?" என்று கடைக்காரன் தடுத்துவிட்டான்.

கூட்டம் வந்தது. ஜன்னலோர மேஜையில் கம்பெனி மேனேஜர் குடும்பத்தோடு உட்கார்ந்தார். முதல் மேஜையில் ஒருவர் குடித்துவிட்டு, பலகையைப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சு தூக்கலா இருக்குல்ல?" என்றார். கூட இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

மனைவி ஒரு வாய் குடித்தாள். கப்பை வைத்தாள்.

"என்னங்க இது, சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு?"

"அக்கா, உனக்கு ஸ்பெஷாலிட்டி பழகல," என்றான் தம்பி. "மாமாவக் கேளு."

காப்பி போடுகிற பெண்ணுக்கு முகம் வெளுத்தது. நேற்றுக் கடை சாத்தும்போது மெஷினுக்குள் கழுவுகிற பொடியைப் போட்டவள், காலையில் வெறும் தண்ணீர் ஓட்டி அலச மறந்திருந்தாள். மேனேஜர் மேஜைக்கு ஐந்து கப் தட்டில் கிளம்பிவிட்டது.

ஆமாம், அவளுக்குப் பழகவில்லை என்று நாக்கு சார் தலையாட்டினால் போதும். நாக்கு பிழைத்துக்கொள்ளும், வேலையும் பிழைத்துக்கொள்ளும். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தார், அதுவும் இல்லை. எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டார்.

"எல்லாத்தையும் கொட்டிடு மாப்ளே. உங்கக்கா சொல்றதுதான் சரி. எனக்கு நாலு மாசமா எதுவும் தெரியல."

"என்ன தெரியல மாமா?"

"ருசி. ஒண்ணுமே தெரியல."

ஆரஞ்சைக் கண்டுபிடித்தவர் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார். மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வந்ததும் என் ரூமுக்கு வாங்க சார்," என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். நாக்கு சார் சரி என்றார். வெறும் தண்ணீர் குடலுக்குள் இறங்குகிற மாதிரி அதுவும் இறங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மனைவி அவரையே பார்த்தாள்.

"அப்போ நாலு மாசமா நான் சமைச்சதெல்லாம் நல்லாருக்குன்னீங்களே?"

"நல்லாத்தான் இருந்திருக்கும்."

முட்டை வந்தது. உப்புப் போதுமா என்று கேட்க வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள். அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தானே கடித்துப் பார்த்தாள். உப்பைத் தூவி, தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்பச் சரியா இருக்கு, சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார்.