கீழ்ப்பாக்கத்துக்கு வழி

என் அப்பா ஆதிநாராயணனுக்கு வழி தெரியாத ஊரே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவர்தான் சொல்லுவார். எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மாட்டிக்கொள்வார். ரசம் வருவதற்குள் அப்பா பேச்சிலேயே அவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் தாண்டியிருப்பார்.

அவர் ஓட்டியது மங்கலம்பேட்டை முகம்மது கனி பாயின் மூக்கு லாரி. இஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல். நான் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்திய வண்டி. செல்ப் ஸ்டார்ட் வேலை செய்யாது, உருட்டித்தான் கிளப்ப வேண்டும், அதனால் எங்கே நிறுத்தினாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். விருத்தாசலத்து செராமிக் கம்பெனிகளில் ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் வைக்கோல் வைத்து அடுக்கி ஏற்றிக்கொண்டு, வாரம் ஒரு நடை மெட்ராஸ் போவார். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓட்டினார். நான் ஐந்தாவது படிக்கும்போது பாய் வண்டியை உடைக்கப் போட்டுவிட்டார். அப்பா ஒரு பொம்மை கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார்.

வண்டி போனாலும் பேச்சு போகவில்லை. அது கிளம்பும்போது தெருவே அதிருமாம், அதன் ஹாரன் சத்தத்தைக் கேட்டால் உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர் இலையைப் போட்டுவிடுவாராம். இன்றைக்கும் சைக்கிளைச் சரிவான இடத்தில்தான் நிறுத்துகிறார். அது தானாக உருண்டு போய் சாக்கடையில் விழுந்தது மூன்று முறை. அம்மா ராஜாம்பாள் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வாள்.

"வழி கேக்குறவன் டிரைவரே இல்ல" என்பது அவருடைய இன்னொரு பேச்சு. சின்ன வயதில் எனக்கு அதைக் கேட்டால் பெருமையாக இருக்கும். இப்போது கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

2005-இல் நான் பிளஸ் டூ முடித்தேன். நர்சிங் கவுன்சிலிங்குக்குக் கடிதம் வந்தது. நடக்கும் இடம் சென்னையில், கீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்லூரி. பகல் ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. என் மார்க்குக்கு அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று டீச்சர் உறுதியாகச் சொன்னார். தனியார் கல்லூரிக்கெல்லாம் எங்களால் முடியாது. அரசாங்க சீட்டு கிடைத்தால் நர்ஸ், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

எதிர்வீட்டு வீரம்மாள் அக்காவின் மகன் பச்சமுத்து அண்ணன் அப்போது சென்னையில் வேலையில் இருந்தார். கோயம்பேட்டுக்கே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய் விடுவதாக போன் செய்து சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவன் மெட்ராஸுக்குப் போயி ரெண்டு வருசம் ஆவல. அவன் எனக்கு வழி காட்டணுமா? வாணாம்னு சொல்லிடு" என்றார்.

"ஏங்க, புள்ள காரியம். அவன் வந்தா ஒரு தொணதான" என்றாள் அம்மா.

"நான் என்னா செத்தா பூட்டேன்?"

அம்மா பேச்சை விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

விடிந்தும் விடியாததுமாக நானும் அப்பாவும் விருத்தாசலத்தில் பஸ் ஏறினோம். என் மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதில் சர்டிபிகேட் எல்லாம். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். உளுந்தூர்பேட்டையிலேயே ஆரம்பித்துவிட்டார். இங்கேதான் ஆக்சில் கட்டாகி அவரும் கிளீனரும் ஜாடி லோடோடு ரெண்டு நாள் கிடந்தார்கள். இந்தப் புளியமரத்தடியில்தான் கனி பாய் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். விக்கிரவாண்டியில் ஒரு கிணறு இருந்தது, அதில்தான் குளியல். அந்தக் கிணற்றைத் தூர்த்து ரோடு அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா கொஞ்ச தூரம் அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜாடியை எப்படி அடுக்க வேண்டும், எந்த இடத்தில் கியர் மாற்ற வேண்டும் என்று முன் சீட்டுக்காரரிடமும் சொன்னார். அவர் தூங்குவது போலப் பாவனை செய்தார். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கோயம்பேட்டில் இறங்கும்போது மணி பதினொன்று. இரண்டு மணி நேரம் கையில் இருந்தது.

"அப்பா, அங்க விசாரணைல கேட்டுடலாம்பா. எந்த பஸ்ஸுன்னு சொல்லுவாங்க."

"கேக்குறதுக்கு என்னா இருக்குது? பாரிஸ் கார்னர் பஸ்ஸுல ஏறு."

"கீழ்ப்பாக்கம்தானப்பா போவணும்?"

"பாரிஸ்ல நம்ம கொடோன் இருக்குதுல்ல, அங்கேருந்து கீழ்ப்பாக்கம் நேர் ரோடு. ஜாடிய கொடோன்ல எறக்கிட்டு, ஃபியூஸ் கட்டைய கீழ்ப்பாக்கத்துலதான் போடுவேன். எத்தினி வாட்டி போயிருக்கறேன் தெரியுமா?"

அவர் மனதில் சென்னை என்பது அந்த கொடோனிலிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஏறினேன். நல்ல கூட்டம், நெரிசலில் எனக்கு மட்டும் ஒரு இடம் கிடைத்தது. கால் மணி நேரம் போயிருக்கும். ஜன்னல் வழியே ஒரு பெரிய கேட்டைப் பார்த்தேன். வாசலில் என் வயதுப் பெண்கள், எல்லார் கையிலும் என்னுடையதைப் போலவே பிளாஸ்டிக் ஃபைல். பக்கத்தில் அப்பாக்கள் நின்றார்கள். கடை போர்டுகளில் கீழ்ப்பாக்கம் என்று எழுதியிருந்தது.

எழுந்து நின்று, "அப்பா, இங்கதான்பா. போர்டுல போட்டிருக்குது பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தார். "இது இல்லம்மா. எனக்குத் தெரியாத கீழ்ப்பாக்கமா? நான் போற எடம் இப்பிடி இருக்காது. நீ ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். அப்பா மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது என்றால் இதற்காகத்தான். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, பதினேழு வருஷமாகக் காதால் கேட்டதை நம்பி உட்கார்ந்தேன்.

பாரிஸில் இறங்கி நடக்க ஆரம்பித்தோம். மூட்டை, தள்ளுவண்டி, மனிதர்கள் என்று கால் வைக்க இடமில்லை. அப்பா ஒரு தெருவில் நுழைவார், பாதி தூரம் போய்த் திரும்புவார். அடுத்த தெருவில் நுழைவார். கடைகளின் நெற்றியை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னாப்பா தேடுற?"

"ஒரு சிங்கம் இருக்கும்மா. பச்சை ஷட்டர்ல சிங்கம் வரஞ்சிருக்கும். அங்க லெப்ட்டு ஒடிச்சா நம்ம கொடோன் வந்துடும்."

நான் தெருவைப் பார்த்தேன். எல்லாக் கடையும் திறந்திருந்தது. எல்லா ஷட்டரும் மேலே சுருட்டிக்கொண்டு கிடந்தது. சிங்கம் எங்கே தெரியும்?

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பகலில் லாரியை ஊருக்குள் விட மாட்டார்கள். அப்பாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பொழுது இருக்கும்போதே வந்தாலும் வண்டலூரில் நிறுத்திவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உள்ளே நுழைந்து, லோடு இறக்கிவிட்டு, விடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமும் அவர் பார்த்தது மூடிய கடைகளின் சென்னை. ஆளில்லாத ரோடும் சாத்திய ஷட்டரும்தான் அவருக்குத் தெரியும். பகலில் அந்த ஊருக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"அப்பா, யாரையாவது கேளுப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "கால் புடிக்கிறேன், கேளு."

"தோ வந்துடும்மா. அடுத்த தெருதான்."

அடுத்த தெருவும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. மணி ஒன்றே கால் ஆனது. நான் அவரை விட்டுவிட்டு ஒரு டீக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "கீழ்ப்பாக்கமா? வந்த வழியிலயே திரும்பிப் போம்மா. தாண்டிட்டுல்ல வந்திருக்க" என்றார். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். அப்பா பின்னாலேயே வந்து ஏறினார். வழியெல்லாம் சிக்னல்.

கேட்டில் இறங்கியபோது மணி இரண்டேகால். பஸ்ஸிலிருந்து பார்த்த அதே கேட். உள்ளே மேஜையில் இருந்த பெண் அதிகாரி கோபப்படவில்லை. "உன் நம்பரை எப்பவோ கூப்பிட்டாச்சேம்மா" என்று வருத்தமாகத்தான் சொன்னார். உட்காரவைத்து மிச்சமிருந்த சீட்டுகளைக் காட்டினார், எல்லாம் தனியார். அரசாங்க சீட்டு முடிந்திருந்தது. கடைசி சீட்டு எனக்கு ஆறு நம்பர் பின்னால் இருந்த பெண்ணுக்குப் போயிருந்தது. வெளியே அவள் தன் அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான். என் அப்பா வேப்பமரத்தடியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவர் ஒரு லாரிக் கதையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சீட்டு தீந்துபூட்டுதாம்" என்றார். தெருவிலும் அதையே சொன்னார். ஒரு வார்த்தை, "என்னாலதாம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சொல்லவில்லை. ஒரு மாதத்தில் பழையபடி லாரிப் பேச்சு வந்துவிட்டது. யார் வீட்டுப் பந்தியிலோ அவர் சத்தமாக திண்டிவனம் போய்க்கொண்டிருப்பது கேட்டால் நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன்.

நான் பி.காம் படித்தேன். இப்போது ஒரு செராமிக் கம்பெனியில் லாரிகளுக்கு லோடு சீட்டு எழுதுகிறேன். டிரைவர்கள் செல்போனை எடுத்து, "அண்ணே, கொடோனுக்கு எப்பிடி வரணும்?" என்று கூச்சமே இல்லாமல் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வருஷம், 2009-இல், வீரம்மாள் அக்காவின் கடைசி மகள் பூர்ணிமாவுக்கு அதே கவுன்சிலிங் கடிதம் வந்தது. பச்சமுத்து அண்ணன் இப்போது மும்பையில். அதனால் நேற்று சாயங்காலம் பூர்ணிமா நோட்டும் பேனாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நீங்க போயிருக்கீங்கல்ல. எப்பிடிக்கா போவணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பா வந்தார்.

"எழுதிக்க பாப்பா. கோயம்பேட்டுல எறங்கி பாரிஸ் பஸ்ஸு ஏறு. கண்டக்டருகிட்ட கீழ்ப்பாக்கம்னு முன்னாடியே சொல்லி வையி. எறங்குனா ஒரு மருந்துக்கடை இருக்குது, பகல்ல தொறந்துதான் இருக்கும். அதுக்கு எதிர்ல ஜூஸு வண்டி. அத ஒட்டி நாப்பது அடி நடந்தா கேட்டு. உள்ள போனா சோத்துக்கைப் பக்கம், வேப்பமரத்தத் தாண்டி ரெண்டாவது கட்டடம்."

ஒன்றும் தப்பில்லை. மருந்துக்கடையை நானே கவனித்திருக்கவில்லை.

"இதெல்லாம் ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பூர்ணிமாவின் நோட்டையே பார்த்தார். "அப்பவே போயி பாத்துட்டு வந்தேன். நாம வந்த மூணாம் நாளு. வேப்பூருக்குப் போறேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டு பகல்லயே போயிட்டு வந்தேன்."

"எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"கேட்டுத்தாம்மா போனேன். நாலு பேர கேட்டேன்."

நான்கு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை இதுதானோ என்னவோ. ஆனால் எனக்கு மனம் இளகவில்லை. மூன்றே மூன்று நாள் முன்னால் அந்த நாலு பேரில் ஒருத்தரைக் கேட்டிருந்தால், என்று நெஞ்சு முட்டக் கத்த வேண்டும் போலிருந்தது. பூர்ணிமா எழுதி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.