அயித்தை கேட்ட கேள்வி

பனங்கிழங்கு சுட அவ்வளவு நெருப்பு தேவையில்லை. நாலு ஓலைச் சருகு, ஒரு கை சுள்ளி போதும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயது எனக்கு. பார்க்கவில்லை.

மாசி மாதம். கல்லலுக்குத் தெற்கே எங்கள் ஊர். அறுப்பு முடிந்து, வீட்டுக்கு வீடு வைக்கோலை அடுக்கிப் படப்புப் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து கிழங்கு சுட்டது அயித்தையின் படப்புக்குப் பின்னால். ரத்த உறவில்லை, ஊர் முறைக்கு அயித்தை. புருஷன் விட்டுப் போய்விட்டான், பிள்ளை இல்லை. ஒரு செவலைப் பசு இருந்தது, நிறைசினையாய். அது நல்லபடியாகக் கன்று போட வேண்டும் என்றுதான் அன்றைக்குத் திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்கு விளக்கு வைக்கப் போயிருந்தாள்.

ஒரு சருகு பறந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்துப் பார்த்தபோது படப்பு முழுக்க வெயில் மாதிரி இருந்தது. அங்கிருந்து கூரைக் கொட்டகைக்கு எப்போது தாவியதென்று தெரியாது. உள்ளே பசு. கட்டுத்தறிக் கயிற்றில் ஒரே முடிச்சு, நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். எங்கள் வீட்டிலும் அதே முடிச்சுதான், தினம் அவிழ்க்கிறவள்தான் நான். பத்தடி தூரம். நெருப்பு இன்னும் மேலேதான் இருந்தது, கீழே வழி இருந்தது. நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பிறகு ஓடினேன். ஊருணிக் கரைப் புதருக்குள் என்னைக் கண்டுபிடித்தபோது பாதி வெந்த கிழங்கு என் கையிலேயே இருந்ததாம்.

மூன்றாம் நாள் மந்தைப் பொட்டலில் ஊர் கூடியது. போலீஸ் வரைக்கும் போக வேண்டாம், பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகிறவள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊர் வழக்கைப் பேசித் தீர்ப்பவர் அம்பலம். கோபக்காரர் இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தீ எப்படிப் பிடித்தது என்று மட்டும் கேட்டார், சொன்னேன். அத்தோடு விட்டுவிட்டார். பயந்திருக்கிறது பிள்ளை, போதும் என்றார். அந்த இரக்கத்துக்குள் நான் எலிக்குஞ்சு மாதிரி சுருண்டுகொண்டேன்.

அயித்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். நட்டத்தைச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அது கத்துச்சா?" என்றாள்.

அம்பலத்துக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டாள். நான் ஊர்ல இல்லையே, அது கத்துச்சாண்டு யாராச்சும் சொல்லுங்க.

"கத்துனா என்னத்தா, கத்தாட்டி என்ன? ஆனது ஆகிப்போச்சு. உனக்கு என்ன வேணும்ண்டு சொல்லு, வாங்கித் தாரேன்."

பின்னால் ஒருவர், மாடு வாய் பேசினால் அதையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கலாம் என்றார். சிலர் சிரித்தார்கள். அயித்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதில் தெரிந்த ஒரே ஆள் அம்பலத்தின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு: எங்கள் வீட்டுக் கறவைப் பசுவை அயித்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் அவள் காலில் விழ வேண்டும். விழுந்தேன். வெடித்த பாதம், ஓரத்தில் இன்னும் சாம்பல். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குனிந்து என்னைத் தொடவும் இல்லை. முடிஞ்சதுப்பா என்றார் அம்பலம், துண்டை உதறிக்கொண்டு.

அன்று சாயங்காலம் பசுவை ஓட்டிப்போக வந்தாள். என்னைப் பெற்ற அய்யா வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். ஆத்தா பசுவுக்குக் குங்குமம் வைத்தாள், ஒரு வாய் தவிடு கொடுத்தாள், தடவினாள், அழுதாள். அழுதுகொண்டே கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆத்தா யோசித்துச் செய்யவில்லை. எத்தனையோ மாடு விற்ற கை, பழக்கத்தில் செய்துவிட்டது.

அயித்தை அந்தத் தோளையே பார்த்தாள்.

"வித்த மாட்டுக்குத்தான் மதினி கயித்த வச்சுக்குவாக. எனக்கு வித்தீகளா?"

ஆத்தா பதறிக் கயிற்றை நீட்டுவதற்குள், தன் பழைய சேலைக் கிழிசலைப் பசுவின் கழுத்தில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விடிந்ததும் ஆத்தா என்னிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்பினாள். பெரியவர்கள் போனால் மறுபடி பேச்சு வளரும், பிள்ளை போனால் வாங்கிக்கொள்வாள் என்று கணக்குப் போட்டாள். போனேன். கொட்டகை இருந்த இடம் கறுப்புத் திட்டாய்க் கிடந்தது. எங்கள் பசு வேப்பமரத்தடியில் நின்றது. அயித்தை சாணம் கரைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றை நீட்டினேன். கை ஈரம் என்று கண்ணைக் காட்டினாள், கீழே வைத்தேன். திரும்பியவளை நிறுத்தினாள். அதட்டவில்லை. சந்தையில் கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்கிற குரல்தான்.

"ஏத்தா, அது கத்துச்சா?"

மூன்று ராத்திரி அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு படுத்தவள் நான். அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தவித்தேன். ஊர் கொடுத்த பசுவை விடப் பெரிதாக, அவள் வைத்துக்கொள்ளத்தக்கதாக ஒன்று. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பொய்தான்.

"இல்ல அயித்தை. கத்தவே இல்ல. பொகையிலயே மயங்கிப் படுத்துருச்சு."

அவள் முகம் இளகியது. நிஜமாக இளகியது, பார்த்தேன். பிறகு மெதுவாக, கரைத்த சாணத்துக்குள் கை அப்படியே நிற்க, நிமிர்ந்தாள்.

"படுக்கிற வரைக்கும் அங்கனயா நின்ட?"

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாரியலை எடுத்து நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம். போத்தா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்றாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அப்புறம் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்பலம் தீர்த்த நல்ல வழக்குகளில் ஒன்றாக அது சேர்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்களிடம் சொல்வார்: எங்க ஊர்ல போலீசு, கோர்ட்டு ஒண்ணும் கெடையாது. நான் மட்டும் தெருவில் எதிரே அயித்தை வந்தால் சந்து தேடினேன். வயதுக்கு வந்தபோது சடங்குக்கு அயித்தை முறைக்கு அவளும் தட்டு எடுத்து வந்தாள். மஞ்சள் பூசுகிற கை என் கன்னத்தில் பட்டபோது இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. குலவைச் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்.

எழுபதுகளின் நடுவில், காரைக்குடியில் டவுன் பஸ்ஸில் பார்த்தேன். என் மடியில் ஒரு வயது மகன். அவள் நரைத்து, சிறுத்துப் போயிருந்தாள். இடம் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது. ஜன்னல் வழியாகக் காட்டன் மில்லும் கருவேலமும் வெயிலும் ஓடின.

"அயித்தை, அன்னைக்கு நான்…"

அவள் கை என் மகனின் நெற்றியில் இருந்தது. எப்போது வைத்தாளோ.

"புள்ளைக்குக் காயுது. டாக்டர்ட்ட காட்டுனியா?"

காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். ஈரத்துணி போட்டுக்கொண்டே இரு, ராத்திரி தூங்கிவிடாதே என்றாள். அயித்தை, ஒண்ணு சொல்லணும் என்று மறுபடி ஆரம்பித்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"மொதல்ல புள்ளையப் பாரு" என்று எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

கேட்க விருப்பமில்லாமல் சொன்னாளா, என்னை விடுவித்துச் சொன்னாளா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் மட்டும் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் நின்று செருப்பிலிருந்து முள்ளோ கல்லோ எடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் திரும்பிவிட்டது.