ரெனாட்டோவின் ஐம்பது சதவீதம்

பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் இரும்பு அச்சுகளைச் செய்யும் எங்கள் மோல்டுப் பட்டறையில் எந்த மெஷின் முனகினாலும் முதலில் ரெனாட்டோவைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். விண்ட்சர் நகரில் முப்பத்தோரு வருடம் இரும்பைக் குடையும் மில்லிங் மெஷின் ஓட்டியவர். அதை ஒரு நாளும் யாரையும் மறக்கவிட்டதில்லை. எங்கள் காபியைக் கழுவின தண்ணீர் என்பார். அவருடைய ஃபிளாஸ்க்கில் இருப்பதை ஒரு சொட்டுகூடத் தரமாட்டார்.

குறை கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வரிசை உண்டு. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இறுக்கமா பார். கட்டர் அளவுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா பார். முள் அசையும் டயல் வைத்து, கட்டர் ஆடாமல் நேராகச் சுற்றுகிறதா பார். கட்டர் நுனியைத் தொடவைத்து டூல் நீளத்தை மறுபடி அளந்து பார். சூடு தணிக்கும் கூலண்ட் வெட்டும் இடத்தில் விழுகிறதா பார். எதை மாற்றினாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாம் பொன்னான பேச்சு, நான் மறுக்கவில்லை. அந்த வரிசையில் விட்டுப்போன ஒரே ஆள் ரெனாட்டோ.

புரோகிராம் எழுதுவது மாடியில் இருக்கும் கோலெட். கட்டர் இரும்பில் என்ன வேகத்தில் முன்னேற வேண்டும் என்று அவள் எண்ணாக எழுதி அனுப்புவாள். அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்க மெஷினில் ஒரு குமிழ் இருக்கிறது. நூறில் வைத்தால் எழுதியபடி ஓடும். ரெனாட்டோ நூறில் வைக்கமாட்டார். "கம்ப்யூட்டருக்குக் காது ஏதுப்பா?" என்று எண்பதுக்கு இறக்கிவிடுவார்.

ஒரு மணி நேர வேலை ஒன்றேகால் மணி நேரம் ஆனால் கோலெட்டுக்குத் தெரியாதா? கீழே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாடிப்படி இறங்கினால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல், ஏறினால் அவருக்கு. ஆகவே அடுத்த புரோகிராமில் வேகத்தைக் கால் பங்கு கூட்டி எழுதினாள். ரெனாட்டோ திரையைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குக் கிறுக்கு முத்திடுச்சு" என்று எழுபதுக்கு இறக்கினார். அவள் இன்னும் கூட்டினாள். நாலு வருடத்தில் அவள் எழுதுவது இரண்டு மடங்கு, அவர் ஓட்டுவது ஐம்பது. பெருக்கினால் கணக்கு சரியாக வந்தது. முதலாளி ஹெல்மட் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஒரே மனசு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கூத்தெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மார்ச் மாதம் ரெனாட்டோ முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். அவர் இடத்துக்கு வெர்னா வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி, எட்டு மாதம் சும்மா இருந்தவள். தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தால்தான் வேலை நிரந்தரம். குமிழ் ஐம்பதில் கிடப்பதைப் பார்த்தாள். யாரோ மறந்து விட்டிருக்கிறார்கள் என்று நூறுக்குத் திருப்பினாள். ஒழுங்கானவர்கள் செய்கிற காரியம்.

முதல் நாள் ஒரு கட்டர் ஒடிந்தது. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒடிந்த முனை, ஆறு வாரமாக இழைத்த மோல்டில் பள்ளம் பறித்துவிட்டது. அளவு பார்க்கும் என் மேசைக்கு ஹெல்மட் வந்து, "வெள்ளிக்கிழமையோட அவளை அனுப்பிடறேன்" என்றார். அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் என்னிடம் சொன்னார்.

வெர்னா தினமும் ரெனாட்டோவுக்குப் போன் போட்டாள். மூன்றாம் நாள் ஸ்பீக்கரில் போட்டதால் பேச்சு எனக்கும் கேட்டது.

"வைஸ் பாத்தியா?"

"பாத்தேங்க."

"டூல் நீளம்?"

"ரெண்டு தடவை தொட்டேன். டயலும் வச்சேன், முள்ளு அசையல. புரோகிராம்லதான் ஏதோ இருக்குமோன்னு..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாலு வருஷமா கோலெட் எழுதற புரோகிராமைத்தாம்மா நான் ஓட்டறேன். உன் கைதான் சரியில்ல."

அவள் போனை வைத்துவிட்டு மறுபடியும் வைஸை இறுக்கிப் பார்க்கப் போனாள்.  ரெனாட்டோ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஊன்றுகோலோடு ரெனாட்டோவே வந்துவிட்டார். வைத்தியர் வந்த மாதிரி எல்லோரும் விலகி வழிவிட்டோம். கோலெட்கூட மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவர் வரிசைப்படி எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. "சரி, ஓட்டிக் காட்டறேன்" என்று இடது கையால் குமிழை ஐம்பதுக்குத் திருகி, வலது கையால் பச்சைப் பொத்தானை அமுக்கினார். திருகியதை அவரே கவனிக்கவில்லை. கட்டர் சொகுசாக வெட்டியது.

"பாத்தியா? இதுதான் கை."

வெர்னா அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப்போய்க் குமிழை நூறுக்குத் திருப்பினாள். கட்டர் அலறியது. ரெனாட்டோ பதறிப்போய் மெஷினை நிறுத்தினார்.

"ஐம்பதுலதான் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

ரெனாட்டோ கோலெட்டைப் பார்த்தார். கோலெட் தரையைப் பார்த்தாள். "அவரு குறைப்பாருன்னுதான் கூட்டி எழுதினேன்" என்று முனகினாள். ஹெல்மட்டுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும், நானூறு புரோகிராமையும் திருத்துவதைவிடக் குமிழை ஐம்பதிலேயே ஒட்டிவிட்டால் செலவு மிச்சம் என்றார். முதலாளி மூளை என்றால் அதுதான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார் ரெனாட்டோ வெர்னாவிடம். அப்போதும் மனுஷனுக்கு மன்னிப்பு வாயில் வரவில்லை.

"மூணு நாளா உங்களைத்தானே கேட்டேன்? நீங்க சொன்னதை ஒண்ணு விடாம பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. இருபது வருஷம் செஞ்ச வேலை எட்டு மாசத்துல மறந்துபோச்சுன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில நானே வேலைய விட்டுடறேன்னு ஹெல்மட்டுக்கு எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்."

மடித்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மெஷின் மேல் வைத்தாள். ரெனாட்டோ அதைப் பிரித்துக் கடைசி வரி வரைக்கும் படித்தார். 'என் கைதான் சரியில்லை' என்று அவர் சொன்னதையே அந்த வரியில் எழுதியிருந்தாள்.