கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வரி

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவருக்கு நான் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தேன். உனக்கே தெரியாத பாஷையை எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டால், ஊரில் பாதி வாத்தியார்கள் அப்படித்தானே என்பேன்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அவர் சாலைக் கடைத்தெருவில், மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போவார். அர்ஜென்டினாவிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியதும் முதலாளி ஒரு ஏற்பாடு சொன்னார். மூன்று மாதத்தில் ஸ்பானிஷ் படித்துத் தேறினால் இங்கேயே கடிதம் எழுதும் வேலை. இல்லாவிட்டால் ஆலப்புழைச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக்கு முத்திரை குத்தும் வேலை. ஆலப்புழை என்றால் அவருக்கு அங்கே லாட்ஜ், எனக்கு இங்கே மாமியார். மாமியார் நல்லவர்தான். ஆனால் நான் கல்யாணம் செய்துகொண்டது அவரை இல்லையே.

ஊரில் ஒரு மடத்தில் ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார் ஒருவர் இருந்தார். முதலாளிக்கு வேண்டியவர். இங்கிலீஷில் எழுதிய இலக்கணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, எந்த எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று இரண்டு நாள் காட்டினார். பரீட்சையும் தாமே வைப்பதாகச் சொன்னார். இவருக்கோ புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வரும். காதால் கேட்டால் மட்டும் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் வேதபாடம் படித்த பழக்கம்: ஒருவர் ஒரு தரம் சொல்ல, கேட்டவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் காலையில் அவர் கிணற்றில் தண்ணீர் இறைப்பார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்திருந்த நான் புத்தகத்தோடு அடுக்களை வாசலில் நின்று சொல்வேன். உச்சரிப்பு தவறினால் அவர் என்னைத் திருத்துவார்.

முதல் பாடம் 'ஆப்லார்', அதாவது பேசுவது. கடைசியில் இருக்கும் 'ஆர்' என்ற வாலை வெட்டிவிட்டு ஆளுக்கொரு வாலை ஒட்ட வேண்டும். நான் பேசுகிறேன், ஆப்லோ. அவன் பேசுகிறான், ஆப்லா. நாங்கள், ஆப்லாமோஸ். நீங்களெல்லாரும், ஆப்லாயிஸ். அவர்கள், ஆப்லான். இதைப் படித்துவிட்டால் இந்த ஜாதி வினைகள் நூற்றுக்கும் அதே வால்கள்தான். ஒருவரை மரியாதையாக 'நீங்கள்' என்று சொல்ல 'உஸ்தெத்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு 'அவன்' வரியின் வாலே போதும். உஸ்தெத் ஆப்லா, நீங்கள் பேசுகிறீர்கள். எங்கள் தெருவுக்காகவே செய்த பாஷை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புத்தகத்தில் ஆறு வரிகள் இருந்தன. இரண்டாவது, 'தூ ஆப்லாஸ்'. நீ பேசுகிறாய். அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டேன். பேர் சொல்லிக்கூட அழைக்காத மனுஷரை முகத்துக்கு நேரே 'நீ' என்பதா? உஸ்தெத் இருக்கும்போது அது எதற்கு என்று நானே முடிவு கட்டினேன். இருபது வயது அதிகப்பிரசங்கித்தனம். மூன்று மாதமும் ஐந்து வரிகளையே சொன்னேன். அவரும் ஐந்தையே இரண்டிரண்டு தரம் சொன்னார்.

பரீட்சை அன்று மத்தியானம் இலை போட்டுக் காத்திருந்தேன். வந்தவர் உட்காரவில்லை. 'த்ரபஹார்', வேலை செய்வது, அதை எழுதச் சொன்னாராம் பாதிரியார். இவர் மளமளவென்று ஐந்தை எழுதிவிட்டு நிமிர்ந்திருக்கிறார். ஒன்று குறைகிறதே என்று கேட்டதற்கு, இல்லை, மொத்தமே ஐந்துதான் என்று சாதித்தும் இருக்கிறார். முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ரெண்டாம் வரி ஒண்ணு உண்டாமே. நீ பாக்கலையா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாத்தேன். நான்தான் சொல்லலை. உங்களைப் போய் நீன்னு எப்படிச் சொல்றது?"

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. மணைமேல் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். யார் சொல்லிக்கொடுத்தது என்று பாதிரியார் கேட்டாராம். என் பெண்டாட்டிதான், அவள் சொல்லித்தந்த ஐந்தும் சரியா இல்லையா என்று முதலாளி எதிரிலேயே இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். பெண்டாட்டியிடம் பாடம் கேட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அந்தக் காலத்தில் எந்த ஆண்பிள்ளைக்கு மனசு வரும்? அந்த ஒரு பேச்சுக்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டவள். ஐந்திலும் ஒரு பிழை இல்லாததால், திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தார் பாதிரியார். அந்த நல்ல மனுஷருக்கும் ஒரு கும்பிடு.

மறுநாள் காலையில் அவர் வாளியை இறக்காமல் கிணற்றடியில் நின்றார். "சொல்லு. நேக்கு ஆலப்புழைக்குப் போக மனசில்லை" என்றார்.

எனக்கு மட்டும் அனுப்ப மனசிருந்ததா? மாமியார் உள்ளே பூஜைமணி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு "தூ ஆப்லாஸ்" என்றேன். வானம் இடிந்து விழவில்லை. அவர் பயபக்தியோடு இரண்டு தரம் சொன்னார். தூ த்ரபஹாஸ், நீ வேலை செய்கிறாய். தூ காந்தாஸ், நீ பாடுகிறாய். பத்து வினை போவதற்குள் எனக்கு அதில் ருசி தட்டிவிட்டது. புத்தகத்தின் பின்பக்க அகராதியில் தேடி, தூ ரொன்காஸ், நீ குறட்டை விடுகிறாய் என்றும் ஒன்று சேர்த்தேன். அர்த்தம் தெரியாமல் அதையும் அவர் இரண்டு தரம் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் நேரே அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கரண்டியும் கையுமாக விழித்தேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, "உஸ்தெத் என்சேன்யா பியென்" என்றார்.

என்னடா உளறுகிறாய் என்று கூடத்திலிருந்து மாமியார் கேட்டார். "வேலை இங்கயேதான்னு சொன்னேம்மா" என்றார்.

வேலை கிடைத்தது நிஜம்தான், ஆனால் அவர் சொன்னது அதில்லை. நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று சொன்னார். அதுவரை என்னை ஒருவரும் நீங்கள் என்று சொன்னதில்லை.