கொடுக்காப்புளி பறித்த தூண்டில்

என் தம்பி பிறக்கவிருந்த மாதங்களில் என்னைப் புதுச்சத்திரத்திலிருந்து ஜேடர்பாளையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சித்தப்பா காவல்காரர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓர் ஓட்டு அறைதான் அவருக்கும் சித்திக்கும் வீடு. அந்த ஆடியில் சித்தியின் எட்டு மாதக் குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் கேட்கட்டும் என்று பெரியவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஏழு வயதுக்காரிக்கு அதெல்லாம் தெரியுமா? என் அருமை தெரிந்து அழைத்திருக்கிறார்கள் என்று மிதப்பில் திரிந்தேன்.

துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். போகும்போது தம் தூண்டில் கோலைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். மூங்கிலைச் சீவி ஒட்டிச் செய்த வழுவழுப்பான கோல். நூல் ஓடுவதற்காக அதன் நெடுகிலும் சின்னச் சின்னக் கம்பி வளையங்கள், நுனியிலும் ஒன்று. எங்கள் ஊர்த் தூண்டிலுக்கு வளையம் ஏது? வெள்ளைக்காரர்களின் தொரட்டி இதுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாசலில் கொடுக்காப்புளி வேறு சிவந்து தொங்கியது. நுனி வளையத்தைக் கிளையில் மாட்டி ஒரே இழு. காய் வரவில்லை. வளையம் பிய்ந்து எங்கோ தெறித்துப் போனது.

மறுநாள் துரை திரும்புகிறார். சித்தப்பா என்னை அடிக்கவில்லை. கோலை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். முன்பிருந்த காவல்காரர் ஒரு விளக்குக் கண்ணாடியை உடைத்ததற்கே அன்றைக்கே மூட்டை கட்டியவர்.

பிறகு எழுந்து, செம்புக் கம்பியை வளைத்து நுனியில் வைத்து, இளம்பிள்ளை ஊர்த் தறிப் பட்டு நூலால் இறுக்கிச் சுற்றி, அரக்கை உருக்கிப் பூசினார். தூண்டில் நூலை அதில் கோத்து இழுத்தால் கம்பியின் பிசிறு உரசி நூல் நைந்தது. கம்பியைக் கல்லில் தேய்த்தும் பார்த்தார். மறுபடியும் நைந்தது.

சித்தி உள்ளே போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தாள். அதில் குழந்தையின் காது வளையம் ஒன்று இருந்தது. ஜோடியில் மற்றது கழற்ற வராமல் குழந்தையோடு மண்ணுக்குள் போய்விட்டது.

"இதெ வெச்சுக் கட்டுங்க மாமா. வழவழன்னு இருக்குது, நூலு அறுவாது."

"வேண்டாம் புள்ள. நமக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"வேல போச்சுன்னா ஊர உட்டே போவோணுமுங்க. வாய்க்கா மேட்டுல புள்ள தனியாக் கெடப்பான்."

சித்தப்பா முடிச்சைக் கையில் வாங்கிக்கொண்டார். அப்புறம் வளையத்தின் இரு முனைகளையும் பிரித்து நிமிர்த்தி, கோலின் மேல் பதித்து, பட்டு நூலைச் சுற்றலானார். நான்தான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடி விழவில்லை என்ற நிம்மதியில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

துரை நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். வேலை தப்பியது. அன்று முதல் மாலையில் துரை அணைக்கட்டில் மீன் பிடிக்கும் போதெல்லாம் சித்தி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவாள். கோல் நுனி வெயிலில் மினுங்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். துரை நமக்கும் ஒரு மீன் தருவார் என்று காத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

சித்திரை பிறந்ததும் துரைக்கு மாற்றல் வந்தது. பெட்டிகளோடு தூண்டில் கோலும் காரில் ஏறியது. சித்தி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழுவாதீங்க சித்தி. இவரு போனா வேற ஒருத்தரு வருவாரு."

சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் காது வளையத்தை விரலால் வருடிக்கொண்டே இருந்தாள். கூசுகிறது என்று கையைத் தட்டிவிட்டு, கார் கிளப்பிய புழுதியைப் பார்க்க ஓடினேன்.