பச்சை நாற்காலியில் ஒரு தவளை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கால் வளைந்த பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அது மைனியுடையது. மைனி என் மனைவியின் அக்காள், அடுத்த வீடு. சாயங்காலம் அதில் வந்து உட்கார்ந்து எங்கள் குடும்பத்தை நடத்துவாள். நான் அஞ்சாம் வகுப்போடு வாழைக்குலைக் கடைக்குப் போனவன். மைனிக்கு முன்னால் எனக்கு வாய் எழும்பாது.

மகள் நாலாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மந்திரக்கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். அதில் ஒரு சிறுமி கோலை நீட்டியதும் பொல்லாத அத்தை தவளையாகிவிடுவாள். மைனி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "மந்திரம் மாயம்னு படிச்சா பிள்ள வெளங்குமா? இத அடுப்புல வைக்கேன் பாரு." பிள்ளை தும்மினாலே உப்பும் மிளகாய் வத்தலும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, வெடிக்கிற சத்தத்தை வைத்துக் கண்ணு போட்டவள் யாரென்று சொல்லும் அதே மைனி! எனக்குக் கேட்கத் துணிவில்லை. மகள் உடைந்த குடைக்கம்பியை அவள் முதுகுக்கு நேராக நீட்டி ஏதோ முணுமுணுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மழை. நான் கடையிலிருந்து வந்தபோது நாற்காலியில் கொழுத்த தவளை ஒன்று, மைனியைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மகள் அழுதபடி அதன் வாய்க்கு நேரே மட்டி வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, தின்னுங்கோ. புஸ்தகம் வேண்டாம், நீங்க வந்தா போதும். முறுக்கத் தின்னது எலியில்ல, நாந்தான்."

மைனி காலையிலேயே ஆரல்வாய்மொழிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சொன்னேன். மகள் நம்பவில்லை. பிள்ளை நடுங்கியதைப் பார்த்ததும், மைனி சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

பின்னால் குடை மடக்கும் சத்தம். பட்டுச்சேலையோடு மைனி. எப்போது வந்து நின்றாளோ.

"ஏட்டி, எனக்கு இந்த மூஞ்சியா?"

மகள் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பழத்த அதுக்குக் குடுத்தா எனக்கு எங்க?" என்றாள் மைனி. சேலைத் தலைப்பால் பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள்.

விளக்கு வைத்ததும் உப்பும் வத்தலும் வழக்கம்போல அடுப்புக்குப் போயின. புத்தகம் போகவில்லை; மைனியின் பையிலிருந்து வந்தது. நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. மகளைப் பக்கத்தில் இழுத்துக் கேட்டாள்: "மக்களே, அந்த அத்த பொறவு மனுசியா ஆவாளா? வாசிச்சு முடிக்கதுக்குள்ள வடசேரி பஸ்ஸ்டாண்டு வந்துட்டு."

மந்திரக்கதை பிள்ளைகளைக் கெடுக்குமா என்று இப்போதும் பேசுகிறார்கள். அது என் பிள்ளையைப் பயமுறுத்தியது உண்மை. பெரியம்மாள் வேண்டும் என்று அவளைச் சொல்லவைத்ததும் அதுதான்.

மகள் இன்று கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மைனி போன வருஷம் தவறிவிட்டாள். மழை பெய்தால் இன்னும் ஏதாவது ஒரு தவளை அந்த நாற்காலியில் ஏறுகிறது. நான் விரட்டுவதில்லை. "வாங்க மைனி" என்று சொல்லி, கடை விசேஷம் எல்லாம் பேசுகிறேன். அவள் இருந்தபோது இவ்வளவு பேசியதில்லை.